டிரைவ் எடுக்கவில்லை

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இதுல உட்காருங்க. சி-3 சாவி இந்த மேஜையிலதான் இருக்கு, எடுத்துத் தர்றேன். அதுக்கு முன்னாடி நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன். மூணு மாசமா வீடு ஏன் காலியா கிடக்குன்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி. வீடு பார்க்க வர்றவங்க தண்ணி எப்ப வரும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்னுதான் கேப்பாங்க. இதை யாரும் கேக்கல. வாட்ச்மேன் ஏதாவது சொன்னாரா? சொல்லலையா. சரி.

பேய் பிசாசு ஒண்ணும் கிடையாது. சுவத்துல ஈரம் கிடையாது. நல்ல வீடு. இருந்த பொண்ணு காலி பண்ணிட்டுப் போயிடுச்சு, அவ்வளவுதான். எதுக்குப் போச்சுன்னு சொன்னா கொஞ்சம் நீளமாப் போகும். உங்களுக்கு அவசரம் இல்லையே? எனக்கு ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு.

என் பேரு தாண்டவராயன். இந்த இருபத்திநாலு வீட்டுக்கும் ஆறு வருஷமா செயலாளர். தேர்தல்ல யாரும் எதிர்த்து நிக்கறதில்ல. அதுலயே தெரிஞ்சுக்கலாம். அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் வாங்க எட்டு போட்டுக் காட்டுவாங்க பாருங்க, பக்கத்துல நின்னு பாஸா ஃபெயிலான்னு சொல்ற ஆள் நான்தான். என்கிட்ட முதல் தடவையிலயே பாஸ் ஆனவங்க ரொம்பக் குறைச்சல். தெரிஞ்சவன், தெரியாதவன்னு பார்த்ததே இல்ல. என் மனைவி அகிலாண்டம், கல்யாணமான ஏழாம் வருஷம், கார் ஓட்டக் கத்துக்கணும்னு ஆசைப்பட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பத்து நிமிஷம் பார்த்தேன். ஃபெயில்னு சொல்லிட்டேன். பொண்டாட்டின்னு சலுகை காட்டல. அவளும் அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்ல. அப்படி ஒரு புரிதல் எங்களுக்குள்ள.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சி-3 ஓனர் மஸ்கட்ல இருக்கார். வாடகைக்கு விடறது, சாவி வச்சிருக்கறது எல்லாம் நான்தான். போன வருஷம் பூங்கோதைன்னு ஒரு பொண்ணு குடி வந்துச்சு. அறந்தாங்கிப் பக்கம். முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகல, தனியாத்தான் இருந்துச்சு. தில்லைநகர்ல ஏதோ கம்பெனியில வேலை. என்ன வேலைன்னு நான் கேக்கல. ஒப்பந்தத்துல 'தனியார் நிறுவனம்'னு போட்டிருந்துது, எனக்கு அது போதும். வியாழக்கிழமை மட்டும் லீவு. ஒரு மஞ்சள் ஸ்கூட்டர் வச்சிருந்துச்சு. அந்த ஸ்கூட்டர்தான் பிரச்சினை. கீழே தரைத்தளத்துல என் காருக்குப் பக்கத்துத் தூணை ஒட்டி நிறுத்தும். கோடு போட்டுத்தான் இருக்கு, கோட்டுக்குள்ளதான் நிறுத்தும். ஆனா ஹேண்டில் திரும்பினா கோட்டைத் தாண்டும். ரெண்டு தடவை எழுத்துல எச்சரிக்கை கொடுத்திருக்கேன்.

ஜூலை பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில, வழக்கம்போல காரைத் துடைக்கப் போனேன். இடது பக்கம் பின்கதவுல ஒரு கீறல். ஒரு ஜாண் நீளம். கிட்டப் போய்ப் பார்க்கறேன், கீறலுக்குள்ள மஞ்சள் பெயிண்ட்.

எனக்கு அனுபவம் இருக்கு தம்பி. எத்தனை விபத்து வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியிருப்பேன்! மஞ்சள் பெயிண்ட். பக்கத்துல மஞ்சள் ஸ்கூட்டர். ஆராய வேண்டியது என்ன இருக்கு?

நேரா மேல போனேன். அந்தப் பொண்ணு வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருந்துச்சு.

"ஏம்மா, என் காரை இடிச்சது நீதானே?"

"நான் இடிக்கல அங்கிள்."

"அப்ப யாரு?"

கீழே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. தப்பு பண்ணாதவங்க 'எனக்கு என்ன தெரியும்'னாவது சொல்வாங்க. இது ஒண்ணும் சொல்லல. நான் மனசுல குறிச்சுக்கிட்டேன்.

சரி, கேமராவைப் பார்ப்போம்னு இங்க வந்தேன். தரைத்தளத்துல இருக்கற கேமரா எல்லாம் இந்த ரூம் கம்ப்யூட்டர்லதான் பதிவாகும். வந்து பார்த்தா அது செத்துக் கிடக்கு. முந்தின நாள் சாயங்காலம் இடி மின்னலோட மழை, அதுல போயிடுச்சு. பத்து வருஷத்துப் பெட்டி. உள்ள ரெண்டு ஹார்டு டிஸ்க் இருந்துச்சு, செங்கல்லு மாதிரி. ஒண்ணுல மே மாசம் வரைக்கும் பதிவு, இன்னொண்ணுல ஜூன்ல இருந்து. டிஸ்க் ரெண்டும் நல்லாத்தான் இருக்கும், வேற பெட்டியில மாட்டினா படம் கிடைச்சிடும்னு கடைக்காரர் சொன்னார்.

அந்த வேற பெட்டியை நானே கட்டினேன். இதோ, நீங்க பார்க்கறீங்களே, இதுதான். கடைக்காரரே கட்டித் தர்றேன்னார். நான் சம்மதிக்கல. அடுத்தவன் கட்டின வண்டியை இத்தனை வருஷம் சோதனை போட்டவன் நான், எனக்கு ஒண்ணைக் கட்டத் தெரியாதா? யூடியூப்ல ஒருத்தர் கட்டிக் காட்டினார். பேசினது இந்தி. எனக்கு இந்தி வராது, ஆனா கை எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டேன். மதர்போர்டை வச்சு, விசிறியை வச்சு, விண்டோஸ் போட்ட ஒரு சின்னத் துண்டு இருந்துச்சு, சூயிங்கம் கணக்கா, அதையும் சொருகி, பழைய டிஸ்க் ரெண்டையும் மாட்டினேன். ஒரே நாள்ல முடிச்சேன். பட்டனை அழுத்தினா விளக்கு எரியுது, விசிறி சுத்துது, திரையில படம் வருது.

டிஸ்க் ரெண்டு மட்டும் வரல.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தா அந்தச் சூயிங்கம் துண்டு ஒண்ணுதான் இருக்குன்னு காட்டுது. செங்கல் ரெண்டும் இல்லவே இல்லைங்குது. கண்ணு முன்னாடி உக்காந்திருக்கு, இல்லைங்குது. அணைச்சுப் போட்டேன். பன்னெண்டு தடவை அணைச்சுப் போட்டேன். கேபிளைக் கழட்டி மாட்டினேன். புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன். டிஸ்க்கைப் படுக்க வச்சேன், நிமித்தி வச்சேன். கடைக்கு போன் போட்டா, "டிரைவ் எடுக்கலைன்னா செத்திருக்கும் சார், புதுசு போட்டுக்குங்க"ன்னார். புதுசுல ஜூலை மாசம் எங்கேருந்து வரும்?

அந்த நேரம் எனக்கு எல்லாமே கோளாறாத்தான் இருந்துச்சு. கார்ல பெட்ரோல் சீக்கிரம் தீருது. பங்க்ல அளவு சரியில்லைன்னு பங்க்கை மாத்தினேன். சீட்ல உக்காந்தா முட்டி ஸ்டீரிங்ல இடிக்குது. வயசாச்சு, முட்டி வீங்குதுன்னு தைலம் தேய்ச்சேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை பார்த்து வீக்கம் வரும், தேய்ச்சா சரியாயிடும்.

அகிலா சொன்னா, "விட்டுடுங்களேன். ஒரு கீறல்தானே. காருக்கும் வயசாகுது."

"கீறல் இல்ல அகிலா, ஒழுங்கு"ன்னேன்.

"அந்தப் பொண்ணு செஞ்சிருக்காதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவ டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு இளகின மனசு. ஊர்ல யார் எது செஞ்சாலும் செஞ்சிருக்க மாட்டாங்கன்னுதான் சொல்லுவா.

நான் லிஃப்ட் பக்கத்து போர்டுல அறிவிப்பு ஒட்டினேன். 'சி-3 குடியிருப்பவரின் வாகனத்தால் செயலாளர் அவர்களின் காருக்குச் சேதம் ஏற்பட்டது தொடர்பாக விசாரணை நடந்துவருகிறது.' பேரு போடல. நான் அந்த நாகரிகத்தைக் கடைப்பிடிச்சேன். மஸ்கட்டுக்கும் ஒரு மெயில் போட்டேன், இந்த மாதிரி ஆளை வச்சிருக்கறது நல்லதில்ல, வேற ஏற்பாடு பண்ணுங்கன்னு.

ஒட்டி ஆறாம் நாள், வியாழக்கிழமை, அந்தப் பொண்ணோட அப்பா ஊர்ல இருந்து வந்தார். வயசானவர், வெள்ளை வேட்டி, கையில ஒரு பை நிறைய மாங்காய். லிஃப்டுக்கு நின்னவர் போர்டைப் பார்த்தார். சட்டைப் பையில இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு மெதுவாப் படிச்சார். முடிச்சுட்டு முதல்ல இருந்து இன்னொரு தடவை படிச்சார். நான் இந்த ரூம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "குடிக்கத் தண்ணி கிடைக்குங்களா?"ன்னார். குடுத்தேன். குடிச்சுட்டு, லிஃப்ட் வந்தும் ஏறாம, படியிலயே போனார். எதுவாவது கேட்டிருந்தா நான் விளக்கியிருப்பேன்.

அகிலா படியில நின்னு அதைப் பார்த்திருக்கா. நேரா சி-3க்குப் போனா. அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணைக் கையோட இங்க கூட்டிட்டு வந்துட்டா.

"இவளுக்கு கம்ப்யூட்டர் தெரியும். பார்க்கச் சொல்லுங்க"ன்னா.

அப்பத்தான் எனக்குத் தெரியுது, அந்தப் பொண்ணுக்கு வேலையே அதுதானாம். கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்ல இருந்து உள்ள இருக்கறதை மீட்டு எடுக்கற கம்பெனி. எட்டு வருஷமா அதையே பண்ணுதாம். நான் பத்து நாளா இங்க மல்லாடிக்கிட்டிருக்கேன், ரெண்டு மாடி மேல இந்த ஆள் இருந்திருக்கு.

யோசிச்சேன். யார் மேல குற்றமோ அவங்க கையிலயே ஆதாரத்தைக் கொடுக்கறதான்னு. ஆனா வேற ஆள் இல்ல. பக்கத்துலயே நின்னு கையைக் கவனிச்சுக்கிட்டேன்.

பெட்டியோட பக்கவாட்டு மூடி திறந்தேதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு முதல்ல ஒரு டிஸ்க் மேல உள்ளங்கையை வச்சுது. காய்ச்சல் பார்க்கற மாதிரி.

"ஆன் பண்ணுங்க அங்கிள்."

பண்ணினேன்.

"இது ஆடவே இல்ல பாருங்க. உள்ள தட்டு சுத்தினா கையில தெரியும். இதுக்கு கரன்ட்டே போகல."

"கேபிள் மாட்டியிருக்கேனே?"

"இந்தச் சின்னக் கேபிள் பேசறதுக்கு அங்கிள். சாப்பாட்டுக்கு இன்னொண்ணு வேணும்." அணைக்கச் சொல்லிட்டு, பெட்டிக்குப் பின்னாடி சுருட்டிக் கிடந்த தட்டையான வயரை எடுத்து மாட்டுச்சு. அந்த இந்திக்காரர் அதை மாட்டினப்ப கேமராவை மறைச்சுட்டார்னு நினைக்கிறேன்.

திரும்பப் போட்டோம். ஒரு டிஸ்க் வந்துடுச்சு. மே மாசத்து டிஸ்க். எனக்கு வேண்டியது மத்தது. அது ஆடுது, கையில தெரியுது, ஆனா திரையில இல்ல.

அந்தப் பொண்ணு மதர்போர்டோட வந்த புஸ்தகத்தைக் கேட்டுச்சு. நான் பிரிக்காம வச்சிருந்தேன், கிழிஞ்சிடக் கூடாதுன்னு. ஒரு பக்கத்துல பொடி எழுத்துல இருந்த ஒரு வரியைக் காட்டுச்சு. "இந்தச் சின்னத் துண்டும் இந்த ரெண்டு சாக்கெட்டும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்குது. துண்டு உக்காந்துட்டா இந்த ரெண்டும் மூடிக்கும். நீங்க அதுல ஒண்ணுல சொருகியிருக்கீங்க. வேற சாக்கெட்ல போட்டா எடுத்துடும்."

எனக்கு உடனே புரிஞ்சுது. நம்ம தரைத்தளம் மாதிரி. ஒருத்தன் வழியில நிறுத்திட்டா உள்ள இருக்கறவன் வெளிய வர முடியாது.

கேபிளைக் கையில எடுத்த பொண்ணு அப்படியே நிறுத்திட்டுது. "அங்கிள், இதை மாட்டணுமா?"ன்னு கேட்டுச்சு. கேட்டது என்னை, ஆனா பார்த்தது அகிலாவை.

"இது என்ன கேள்வி?"ன்னேன் நான்.

அகிலா கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. "மாட்டும்மா"ன்னா. "பார்க்கட்டும். போதும்."

எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. இத்தனை நாள் விடுங்க விடுங்கன்னு சொன்னவ, கடைசியில நியாயத்தோட பக்கம் வந்துட்டா.

மாட்டுச்சு. ஆரம்பத்துல வர்ற நீலத் திரையில டிஸ்க் பேரு வந்துடுச்சு, ஆனா விண்டோஸ்குள்ள போனா மறுபடி காணோம். "இருக்கு அங்கிள், அதுக்கு எழுத்து கொடுக்கல, அதான் வெளிய காட்டல"ன்னு எங்கேயோ ஒரு பட்டியலைத் திறந்துச்சு. அதுல இருந்துச்சு, பேரில்லாம. "ஒரு எழுத்து கொடுத்தா போதும். ஆனா ஒண்ணு. இனிமே எப்பவாவது இதை ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டா, வேண்டாம்னு அழுத்துங்க. ஆமான்னு அழுத்தினீங்கன்னா உள்ள இருக்கற எல்லாம் போயிடும்."

எழுத்து கொடுத்த உடனே திறந்துச்சு. ஜூன், ஜூலை, தேதி வாரியா அத்தனையும் இருந்துச்சு.

அந்தப் பொண்ணு எந்திரிச்சுது. "நான் வர்றேன் அங்கிள். தனியா பாருங்க"ன்னுட்டுப் போயிடுச்சு. பயத்துல போகுதுன்னு நினைச்சேன். அகிலாவும், "நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன், மெதுவா பாருங்க"ன்னா. பகல் பன்னெண்டரைக்கு எந்தக் கோயில் திறந்திருக்கும்னு எனக்கு அப்ப தோணல.

ஜூலை பதினேழைத் திறந்தேன். காலையில இருந்து ஓட்டினேன். ஒண்ணுமில்ல. நான் பகல்ல ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் தூங்குவேன், ரிட்டயர் ஆனதுல இருந்து பழக்கம். ரெண்டு பத்துக்கு அந்தப் பொண்ணு வருது. ஸ்கூட்டர் பக்கம் போகல. என் கார் பக்கம் போகுது. இடது பக்கக் கதவைத் திறந்து உள்ள உக்காருது.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. இடிச்சதோட நிக்கல, கார் திருட்டு! போலீஸுக்குப் போன் போடறதுக்கு எந்திரிச்சுட்டேன். அப்பத்தான் தோணுச்சு, இடது பக்கம் உக்காந்தா வண்டியை யார் ஓட்டறது?

டிரைவர் சீட்ல ஒரு பொம்பளை. முகம் தெரியல, இருட்டு. புடவை தெரியுது. அரக்கு கலர், பச்சைக் கரை. அது நான் எடுத்துக் கொடுத்த தீபாவளிப் புடவை. கலர் பிடிக்கல போல, கட்டவே மாட்டேங்கறாளேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கார் பின்னாடி சிவப்புல 'எல்' போர்டு ஒட்டியிருந்துது. அதுல குறை சொல்ல முடியாது.

வெளிய போயிட்டு ரெண்டு ஐம்பதுக்கு வந்தாங்க. மூக்கை உள்ள விட்டு நிறுத்தினா, கோணலா நிக்குது, நேராக்க ரிவர்ஸ் எடுக்கறா. நல்லாத்தான் எடுக்கறா, கடைசியில கொஞ்சம் சீக்கிரம் ஒடிச்சுட்டா. தூண்ல பட்டுடுச்சு. தூண்ல மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையா அடிச்சிருக்கு, பார்த்திருப்பீங்க. நான்தான் அடிக்கச் சொன்னேன், யாரும் இடிச்சிடக் கூடாதுன்னு.

ரெண்டு பேரும் இறங்கி ஓடி வந்து பார்த்தாங்க. அகிலா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா. அந்தப் பொண்ணு கீறலைத் தடவிப் பார்க்குது. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல, ரெண்டு பேரும் சிரிக்க ஆரம்பிச்சாங்க. அகிலா தூணைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கறா. முப்பத்தி மூணு வருஷம் ஆச்சு தம்பி எங்களுக்குக் கல்யாணமாகி. நம்ம கேமராவுக்குச் சத்தம் கிடையாது. அதனால என்ன சொல்லிச் சிரிச்சாங்கன்னு பதிவாகல.

நான் அதை நாலஞ்சு தடவை பார்த்தேன். பரிசோதனைக்குத்தான்.

அப்புறம் பின்னாடி போனேன். ஜூலை பத்து. மூணு. ஜூன் இருபத்தாறு. ஏழு வியாழக்கிழமை இருந்துச்சு அந்த டிஸ்க்ல. ஜூன் அஞ்சாம் தேதி வண்டி மூணு தடவை நின்னு போச்சு, நாலாம் தடவை தவளை மாதிரி குதிச்சுப் போச்சு. பன்னெண்டாம் தேதி ரெண்டு தடவை. பத்தொன்பதாம் தேதி நிக்கல. ஒவ்வொரு வாரமும் சீட்டை முன்னாடி இழுத்துக்கறா, குள்ளம் இல்லையா. போறப்ப பின்னாடி தள்ளி வைக்க மறந்துடறா. கடிகாரத்துல மணி பத்து பத்து காட்டற முள்ளு மாதிரி கையை ஸ்டீரிங்ல வைக்கறா, அதை நான் எத்தனையோ லாரி டிரைவர்கிட்ட சொல்லிக் கேக்கல. ஆனா இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கறதே இல்ல. அதான் தூண்ல பட்டது.

சாயங்காலம் அகிலா காபியோட வந்தா. "கிடைச்சுதா?"ன்னு கேட்டா.

"இல்ல. அந்த டிரைவ் எடுக்கல. பதினேழாம் தேதி மட்டும் அழிஞ்சு போச்சு"ன்னேன்.

"அப்படியா"ன்னா. காபியை வச்சுட்டுப் போயிட்டா. நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிய வாய்ப்பே இல்ல. நான் அந்த டிஸ்க்கைக் கழட்டி என் அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்.

கமிட்டிக்கும் அப்படித்தான் சொன்னேன், பதிவு கிடைக்கலைன்னு. போர்டுல இருந்த அறிவிப்பை எடுத்துட்டேன். மஸ்கட்டுக்கு இன்னொரு மெயில் போட்டேன், 'போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது'ன்னு. சட்டப்படி அது சரியான வாசகம். அதுக்கு மேல என்ன எழுத முடியும்? அந்தப் பொண்ணு செய்யலைன்னு எழுதினா, அப்ப யாருன்னு கேப்பாங்க. எப்படித் தெரியும்னு கேப்பாங்க. வீட்ல ஒருத்தி முப்பது வருஷ பிரேக் இன்ஸ்பெக்டரைத் தூங்க வச்சுட்டு அவர் காரை எடுத்துட்டுப் போனாள்னு நான் எழுத முடியுமா?

ஆனா அந்தப் பொண்ணு ஏற்கெனவே வேற வீடு பார்த்துட்டுது. அதோட அப்பா சொல்லிட்டுப் போனாராம், அந்த மாதிரி போர்டுல பேரு வந்த இடத்துல இருக்க வேண்டாம்னு. பேரு போடலையே நான்! விசாரணை முடியற வரைக்கும் பொறுமையா இருந்திருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில சாவி கொடுக்க இந்த ரூமுக்கு வந்துச்சு. நான் சில விஷயம் சொல்லணும்னு இருந்தேன். என்ன சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்தேன். வந்து நின்னதும், "ரெண்டு சாவியும் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு அங்கிள்."

"பால்கனி சாவி?"

"அதுவும் இருக்கு." மேஜையில வச்சுது. அப்புறம், "ஆன்ட்டிகிட்ட ஒண்ணு சொல்லணும். கிளட்சை இன்னும் கொஞ்சம் மெதுவா விடணும்னு"ன்னுச்சு.

"கிளட்ச் எல்லாம் சரியாத்தான் விடறா. இடது கண்ணாடியைத்தான் பார்க்க மாட்டேங்கறா"ன்னேன்.

சொன்னதுக்கு அப்புறம்தான் வாயைப் பொத்திக்கிட்டேன். அந்தப் பொண்ணு என்னையே பார்த்துச்சு. சிரிக்கல. கோவமும் படல.

"போர்டுல எழுதினது என்னைத்தான் அங்கிள்"ன்னுச்சு. "எங்க அப்பா ரெண்டு தடவை படிச்சார்."

"தெரியும்மா"ன்னேன்.

அவ்வளவுதான் வந்துச்சு எனக்கு. வெளிய ஆட்டோ காத்துக்கிட்டிருந்துது, பொண்ணு போயிடுச்சு. ஒரு கடிதமாவது எழுதலாம்னு ரெண்டு தடவை உக்காந்தேன். 'ஐயா, தங்கள் மகள்' வரைக்கும் வருது. அதுக்கப்புறம் ரிப்போர்ட் மாதிரி போயிடுது. கிழிச்சுப் போட்டுடறேன்.

பத்து நாள் கழிச்சு தபால்காரர் ஒரு கவர் கொண்டு வந்தார். அகிலா பேருக்கு. கையில வாங்கினதுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, முப்பது வருஷம் தொட்ட கவர் இல்லையா. லைசென்ஸ். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போற வாரத்துலயும் அந்தப் பொண்ணு இவளை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. யாரு சோதனை பண்ணினாரோ தெரியல, இப்ப இருக்கறவங்க கொஞ்சம் தாராளம். கையெழுத்துப் போட்டு வாங்கி, அவ பார்க்கற மாதிரி பேப்பருக்கு அடியில வச்சுட்டேன். சாயங்காலம் பார்த்தா இல்ல.

சரி, லைசென்ஸ் வந்தாச்சு, இனிமே போவாள்னு வியாழக்கிழமை படுத்துக்கிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். கார் சத்தம் வரல. அடுத்த வாரமும் வரல. ஹால்ல நடக்கறா, சாவி இருக்கற ஆணிகிட்ட போறா, திரும்பி வர்றா. அப்பத்தான் யோசிச்சேன். காரை நான் எப்பவும் மூக்கு உள்ள இருக்கற மாதிரி நிறுத்துவேன். வெளிய எடுக்கணும்னா முதல்லயே ரிவர்ஸ். பக்கத்துல சொல்ல ஆள் இல்லாம, அந்தத் தூணை ஒட்டி ரிவர்ஸ் எடுக்க இவளுக்குப் பயம்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் கீழ போய் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன், மூக்கு வெளிய பார்க்கற மாதிரி. சீட்டை முன்னாடி தள்ளி வச்சேன். இடது கண்ணாடியை அவ உயரத்துக்குச் சரி பண்ணினேன். கொஞ்சம் கஷ்டம்தான், அவ கண்ணு எங்க இருக்கும்னு நானே குனிஞ்சு உக்காந்து பார்க்க வேண்டியிருந்துச்சு. மறுநாள் ரெண்டு பத்துக்குக் கார் கிளம்பின சத்தம் கேட்டுச்சு. ஒரு தடவை கூட நிக்கல.

அதுல இருந்து வாராவாரம் நடக்குது. அவ வர்றதுக்குள்ள எனக்கு வேர்த்துடும். கேட் சத்தம் கேக்கற வரைக்கும் கண்ணைத் திறக்கறதில்ல. இப்பல்லாம் வியாழக்கிழமை நான் படுத்ததும் வந்து போர்வை போர்த்தி விடறா. "நல்லாத் தூங்குங்க"ன்னு சொல்லிட்டு வேற போறா. இந்தப் புழுக்கத்துல எதுக்குப் போர்வைன்னு எனக்குப் புரியல.

இதை நான் யார்கிட்டயும் சொன்னது கிடையாது. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னும் தெரியல. வீடு பிடிச்சா வாங்க, பிடிக்கலைன்னா மறந்துடுங்க.

மணி என்ன? ரெண்டாகப் போகுதா! பேசிக்கிட்டே இருந்துட்டேன். இன்னிக்கு வியாழக்கிழமை. நான் மேல போய்ப் படுக்கணும். நான் படுக்காம அவ கிளம்ப மாட்டா. இந்தாங்க சி-3 சாவி, நீங்களே திறந்து நிதானமாப் பாருங்க. சமையல்கட்டுக் குழாயை இடது பக்கம் திருப்பணும். பார்த்துட்டு வாட்ச்மேன்கிட்ட சாவியைக் கொடுத்துடுங்க.

நீங்க திரும்பிப் போறப்ப கீழ ஒரு வெள்ளைக் கார் வெளிய வந்துச்சுன்னா, ஒதுங்கி நின்னுக்குங்க, அவ்வளவு போதும். வாங்க வாங்கன்னு கை காட்டாதீங்க. அவளே பார்த்து எடுப்பா.